அப்பா உட்கார்ந்து பார்த்த தூளி

1993இல் என் மகளுக்குத் தூளி கட்டியது நான். 2024இல் என் பேத்திக்குத் தொட்டில் தேர்ந்தெடுத்தது ஒரு குழு. மகள், மாப்பிள்ளை, சென்னையிலிருக்கும் சம்பந்தியம்மா, பாரிஸ் பக்கத்தில் சார்செலில் குடியிருக்கும் என் அக்கா, அக்காவின் மருமகள் எல்லாரும் உறுப்பினர்கள். வாட்ஸ்அப்பில் அதற்கு 'பாப்பா தொட்டில்' என்று பெயர். என்னையும் சேர்த்திருந்தார்கள். பணம் கட்டுகிறவன் குழுவில் இருக்க வேண்டுமல்லவா?

தூளிக் காலத்தில் குழு கிடையாது, செலவும் கிடையாது. பிள்ளைச்சாவடியில் கடலோரத்தில் எங்களுக்கு ஓட்டு வீடு. பனங்கை விட்டம். என் மனைவியின் பழைய நூல்சேலை ஒன்று, அப்பாவின் வலைக்கயிறு, உடைந்த துடுப்பின் காம்பிலிருந்து அறுத்தெடுத்த ஒரு முழக் கட்டை. தொட்டில் கடைக்குத் தேவையான சரக்கு அவ்வளவுதான்.

ஆனால் விதிமுறை இல்லாமல் நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். சேலையைத் தேர்ந்தெடுத்தவர் என் அம்மா. புதுச்சேலை கூடாது, கஞ்சி விறைப்பு குழந்தையின் தோலை உரசும். நைலக்ஸ் கூடவே கூடாது, வழுக்கும், வேர்க்கும். பலமுறை துவைத்து நூல் இளகியிருக்க வேண்டும், ஆனால் இற்றிருக்கக் கூடாது. கிழக்கு வாசலில் வெயிலுக்கு எதிரே முழுச்சேலையையும் விரித்துப் பிடித்து, எங்கேயாவது வெளிச்சம் கூடுதலாகத் தெரிகிறதா என்று முந்தானையிலிருந்து ஆரம்பித்து அடி அடியாகப் பார்த்தார். இரண்டு சேலை தள்ளுபடியாகி, மூன்றாவது தேறியது.

முடிச்சு என் பொறுப்பு. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எழுத்தர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு முடிச்சுப் போடத் தெரியும் என்று என் அப்பா நம்பவில்லை. நாற்பது வருடம் கட்டுமரம் ஏறியவர். நான் கட்டி முடித்ததும் பேசாமல் வந்தார், முடிச்சை இரண்டு முறை சுண்டினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூளிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். விட்டம் ஒரு முறை முனகியது. அவர் காலால் தரையை உந்தி நன்றாக ஆடினார். அம்மாவும் என் மனைவியும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். இறங்கி வந்து, "என்னியே தாங்குது, இந்தப் பூச்சியத் தாங்காதா?" என்றார். தரச்சான்று வழங்கப்பட்டது.

அவர் அதற்குமேல் யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் தொட்டிலைப் பற்றி அரசாங்கமே யோசித்தது வேறு விதமாக. எங்கள் தூளிக்கு ஒரு வருடம் முந்தி, 1992இல், தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. சேலத்தில் ஆரம்பித்தார்கள். பெண் குழந்தை வேண்டாம் என்கிறவர்கள் கள்ளிப்பாலைத் தேடாமல் அரசு வைத்திருக்கும் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகட்டும் என்பதுதான் திட்டம். அந்தத் தொட்டிலின் கம்பி இடைவெளியை யாரும் அளக்கவில்லை. பெண் குழந்தை அதில் உயிரோடு வந்து சேர்ந்தாலே போதும் என்றிருந்தது.

பழசைப் பற்றிப் பேசும்போது என் வயதுக்காரர்களுக்குக் கண்ணில் ஒரு மினுக்கம் வரும். "எங்க காலத்துல இதெல்லாம் இருந்ததா? நாங்க வளரலையா?" வளர்ந்தவர்கள் கேட்கிற கேள்வி அது. வளராதவர்கள் வந்து பதில் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் என் அம்மா வயதுப் பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பதில் இரண்டு எண்ணாக வரும்: "பெத்தது எட்டு, இருக்கறது அஞ்சு." 1971இல் இந்தியாவில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதைத் தாண்டாமல் போனவை 129. 2020இல் அது 28. இந்த இறக்கத்துக்குக் காரணம் தொட்டில் இல்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம், தடுப்பூசி, உப்புச் சர்க்கரைத் தண்ணீர், கொஞ்சம் நல்ல குடிநீர். பிள்ளையை வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலத்தில் தூளி சாய்வாக இருக்கிறதா என்று பார்க்க யாருக்கு நேரம்?

தூளியும் அவ்வளவு சாது இல்லை. சேலை குழிந்து தொங்குவதால் பச்சைக் குழந்தையின் முகவாய் நெஞ்சில் போய் முட்டும். பிறந்த குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்தில் பலமில்லை, மூச்சுக்குழல் மெல்லிசு. முகவாய் இறங்கினால் மூச்சு அடைபடலாம், அழக்கூட முடியாது. அதைவிட மோசம் பெரிய பிள்ளைகள். நான்கு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள் தம்பி தங்கையின் தூளியில் ஏறி முறுக்கி விளையாடும்போது சேலை கழுத்தில் இறுகி இறந்துபோன செய்தி, தமிழ்ப் பத்திரிகைகளின் மாவட்டப் பக்கங்களில் இன்றும் வந்துகொண்டேதான் இருக்கிறது. தூளி சும்மா தொங்கும்போது அதைச் சுருட்டி மேலே சொருகிவிட வேண்டும் என்று என் அம்மா கத்துவார். அம்மாவின் கத்தலில் பாதி, இப்போது பார்த்தால், பாதுகாப்பு விதிகள்.

சரி, குழுவுக்கு வருவோம்.

மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த வாரமே முதல் கூட்டம். சார்செலிலிருந்து அக்கா வீடியோவில் தலைமை தாங்கினாள். அவள் சொல்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமனாருக்குப் பிரெஞ்சு ராணுவ பென்ஷன், வீடு முழுக்கப் பிரெஞ்சுக் குடியுரிமை. புதுச்சேரியில் இது பெரிய விஷயமில்லை, தெருவுக்கு ஒரு குடும்பம் இப்படி இருக்கும். அக்கா அங்கே போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் வத்தக்குழம்பு வைக்கிறாள். குழந்தை விஷயத்தில் மட்டும் முழுப் பிரெஞ்சுக்காரி.

"தம்பி, தூளி கீளின்னு ஆரம்பிக்காத. இங்க எல்லாரும் கோதோதோதான் வாங்கறாங்க" என்றாள்.

கட்டிலோரத் தொட்டில். மூன்று பக்கம் தடுப்பு. நான்காவது பக்கத்தை இறக்கிவிட்டு அம்மாவின் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, வாரால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். குழந்தை தன் மெத்தையில் தனியாகத் தூங்கும். அம்மா எழுந்திருக்காமலே கைநீட்டி எடுத்துப் பால் கொடுக்கலாம். யோசனை நல்ல யோசனைதான். குழந்தை அம்மாவின் அறையில், ஆனால் அம்மாவின் படுக்கையில் இல்லாமல் தூங்க வேண்டும், முதல் ஆறு மாதமாவது அப்படி இருப்பது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட அறிக்கையும் சொல்கிறது. மகள் அதைப் படித்துவிட்டு எனக்கும் வாசித்துக் காட்டினாள். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மெத்தை கெட்டியாக, சமதளமாக இருக்க வேண்டும், சாய்வு 10 பாகைக்கு மேல் போகக் கூடாது. இறுக்கமான ஒரே விரிப்பு. தலையணை, போர்வை, பொம்மை, ஓரத்துக்கு மெத்தைத் திண்டு எதுவும் கூடாது.

"அப்போ தொட்டில்ல என்னதான் இருக்கும்?" என்றாள் என் மனைவி.

"பாப்பா இருக்கும்மா."

இந்த ஒரு வரிக்கு வருவதற்கு வெள்ளைக்காரர்கள் சுற்றிய சுற்று கொஞ்சநஞ்சமில்லை. டாக்டர் பெஞ்சமின் ஸ்போக்கின் குழந்தை வளர்ப்புப் புத்தகம் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்தது. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில் அவர் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார். மல்லாந்து படுத்தால் கக்கும் பால் தொண்டையில் அடைக்கும் என்பது அவர் பயம். அவர் மட்டுமல்ல, ஆஸ்பத்திரிகளும் அதையே சொல்லின. தொட்டிலில் தூங்கப்போன குழந்தை காரணம் தெரியாமல் இறப்பது கூடிக்கொண்டே போனது. நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் ஆராய்ந்து பார்த்தால் குப்புறப் படுப்பதே பெரிய காரணமாக நின்றது. பிரிட்டனில் 1991இல், அமெரிக்காவில் 1994இல், 'மல்லாக்கப் போடுங்கள்' என்று இயக்கமே நடத்தினார்கள். சில வருடங்களில் அந்தச் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஸ்போக்கைப் படிக்காத என் அம்மாவின் தூளியில் குழந்தை மல்லாந்துதான் கிடந்தது. குப்புறப் போட அதில் வசதி இல்லாததுதான் காரணம், அம்மாவின் ஞானம் என்று சொல்லி நான் பெருமைப்பட்டுக்கொள்ள மாட்டேன்.

அதே சமயம், சாய்வு விஷயத்தில் தூளி செய்த தப்பை அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2009இல் பிளாஸ்டிக்கில் செய்து விற்றது. ஃபிஷர் பிரைஸின் ராக் அண்ட் பிளே. குழந்தையைச் சாய்வாகக் கிடத்தி ஆட்டுகிற சாதனம். முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்ததாகத் தெரிந்தபின், 2019 ஏப்ரலில், சுமார் 47 லட்சம் சாதனங்களைத் திரும்பப் பெற்றார்கள். 2022இல் அங்கே சாய்வுப் படுக்கைகளுக்கும் தொட்டிலோரத் திண்டுகளுக்கும் சட்டம் போட்டுத் தடை. பக்கவாட்டுச் சட்டம் மேலும் கீழும் இறங்குகிற மரத்தொட்டிலை அதற்கு முன்பே, 2011இல் நிறுத்திவிட்டார்கள். ஆணி கழன்று சட்டம் சரிந்து, இடுக்கில் குழந்தைகள் மாட்டிக்கொண்டதால். தொட்டில் கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது 1970களின் விதி. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒரு குழந்தை இருக்கிறது. இதைப் படித்தபின் குழுவின் மீது எனக்கிருந்த கிண்டல் பாதி அடங்கிவிட்டது. மீதிப் பாதி நேரு வீதிக் கடையில் திரும்பி வந்தது.

பிள்ளைச்சாவடி புதுச்சேரியில் இருக்கிறது. புதுச்சேரி டவுனுக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டைத் தாண்டிப் போக வேண்டும். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் எல்லாம் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரன் போட்ட எல்லை அப்படி. ஒன்பதாம் மாத மகளை உட்கார வைத்து இரண்டு மாநிலம் கடந்து தொட்டில் பார்க்கப் போனோம்.

கடைப்பையன் கெட்டிக்காரன். தொட்டிலைக் காட்டவில்லை, 'செட்'டைக் காட்டினான். மெத்தென்ற ஒரு பொதி. அதோடு நான்கு தலையணை, ஓரமெல்லாம் பஞ்சுத் திண்டு, காது வைத்த போர்வை, தலைமாட்டில் தொங்க ஒரு கரடி. மகள் கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தாள். பையன் முகம் மாறியது. மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினாள். கை ஆழமாகப் புதைந்தது.

"இவ்வளவு மெத்துன்னு இருந்தா எப்படிங்க?"

"பேபிக்கு மெத்துன்னுதானே மேடம் வேணும்? பிரீமியம் குவாலிட்டி."

"இந்தத் திண்டு?"

"சேஃப்டிக்கு மேடம். தலை இடிக்காது."

சட்டம் போட்டு நிறுத்திய சாமானைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்கிறான், அதுவும் கூடுதல் விலைக்கு. அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கிளம்பும்போது கடுகுத் தலையணை ஒன்றை இலவசமாக நீட்டினான். மண்டை உருண்டையாக வருமாம். என் மனைவியின் கை நீண்டது. மகள் பார்த்தாள். கை மடங்கியது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் பின்மண்டை தட்டைதான். அதை வைத்துக்கொண்டுதான் நான் எழுத்தர் தேர்வில் பாஸ் செய்தேன்.

வெளியே வந்து காரில் ஏறும்போது, டவுனில் பழைய மரச்சாமான் விற்கிற ஒரு கடை வாசலில் செட்டிநாட்டு மரத்தொட்டில் ஒன்றைப் பார்த்தோம். கடைசல் கால்கள், சிவப்பும் பச்சையும் அரக்கு வண்ணம். மாமன் சீராக ஒரு காலத்தில் யார் வீட்டுக்கோ போயிருக்கும். இப்போது அதில் மண் நிரப்பிச் செடி வைத்திருந்தார்கள். மகள் பழக்கதோஷத்தில் கம்பி இடைவெளியைப் பார்த்துவிட்டு, "செடிக்குன்னா ஓகே" என்றாள்.

கடைசியில் ஆன்லைனில்தான் வாங்கினோம். 14,000 ரூபாய். கெட்டியான மெத்தை, நான்கு பக்கமும் காற்றுப் புகும் வலை, உயரத்தை ஏற்றி இறக்கும் கால், பூட்டுப் போட்ட சக்கரம். பிரெஞ்சுக்காரர்கள் மாதிரிக் குழந்தைக்குத் தூங்கும் பையும் வாங்கச் சொன்னாள் அக்கா. அங்கே குழந்தை தூங்கும் அறை 18இலிருந்து 20 டிகிரிக்குள் இருக்க வேண்டுமாம். புதுச்சேரியில் அந்த 18 டிகிரியை நாங்கள் ஃபிரிட்ஜைத் திறந்தால்தான் பார்க்க முடியும். பை வேண்டாம் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது; நான் முதன்முறையாகக் கட்டைவிரலை மனதார உயர்த்தினேன்.

தொட்டில் வருகிற அன்று ஒரு போன்.

"சார், ஹாஸ்பிட்டல் வாசல்ல நிக்கறேன், எந்த வார்டு?"

எந்த ஹாஸ்பிட்டல் என்று கேட்டால், மகளிர் மருத்துவமனை. எனக்குப் புரிந்துவிட்டது. எங்களுடையது பிள்ளைச்சாவடி, கடலோரம், காலாப்பட்டுக்குப் பக்கம். டவுனில் விழுப்புரம் சாலையில் இருப்பது எல்லைப்பிள்ளைச்சாவடி. ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை அங்கேதான். புதுச்சேரிக்காரர்களில் பாதிப்பேர் அங்கே பிறந்தவர்கள் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம், ஆனால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பிள்ளைச்சாவடிக்குத் தொட்டில் என்றால் அந்தப் பையன் வேறு எங்கே போவான்? அவனுக்கு வழி சொன்னேன். வரும்போது அவனும் தமிழ்நாட்டைத் தாண்டி வந்தான்.

பெட்டிக்குள் ஆறுமூலைச் சாவி ஒன்று, பதினைந்து மொழியில் ஒரு புத்தகம். தமிழ் இல்லை. மாப்பிள்ளை படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினார். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் அப்பா இருந்திருந்தால் ஏறி உட்கார்ந்திருப்பார். புத்தகத்தில் 9 கிலோதான் தாங்கும் என்று போட்டிருந்தது.

தொட்டில் நின்றுவிட்டது. கட்டிலோடு சேர்த்துக் கட்டப்போனபோதுதான் சங்கதி தெரிந்தது.

என் மனைவிக்குச் சீராக வந்த தேக்குக் கட்டில் அது. ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் சட்டம், அதற்கு நடுவே இலவம்பஞ்சு மெத்தை. மெத்தை ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். புதுத் தொட்டிலோ பெரிய மெத்தையும் சின்ன மெத்தையும் ஒரே மட்டத்தில், இடுக்கே இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்கிறது. இடுக்கு இருந்தால் குழந்தை உருண்டு அதில் மாட்டிக்கொள்ளும். கட்டிலோரத் தொட்டிலில் உள்ள ஒரே பெரிய ஆபத்து அந்த இடுக்குதான். எங்கள் கட்டிலில் சட்டம் நடுவே வந்து நான்கு விரல் இடைவெளி விட்டது. வாரைக் கட்டிலுக்கு அடியில் கொடுத்து இழுக்க வேண்டும். அடியில் மூன்று இழுப்பறை, அதற்குள் என் பழைய சம்பளச் சீட்டுகளும் மனைவியின் எவர்சில்வர் சட்டிகளும். பக்கத்து அறையிலிருக்கும் பாக்ஸ் கட்டிலுக்கு அடியே கிடையாது.

ஆசாரியைக் கூப்பிடலாமா, இடுக்கில் போர்வையைச் சுருட்டி அடைக்கலாமா என்று குழுவில் யோசனைகள் குவிந்தன. மகள் குழந்தை மருத்துவரிடம் கேட்டாள். அடைக்கவே கூடாது, சரியாகப் பொருந்தாவிட்டால் ஒட்ட வேண்டாம், நான்காவது பக்கத்தையும் தூக்கிப் பூட்டிவிட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் தனியாக நிறுத்துங்கள், அதுவே போதும் என்றார். ஆக, பக்கம் திறக்கிற தொட்டில் என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய அந்தப் பக்கம் கடைசிவரை திறக்கப்படவே இல்லை.

இங்கே எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. 1993இல் எங்களுக்குக் கட்டில் என்ற ஒன்றே புழக்கத்தில் இல்லை. இதே தேக்குக் கட்டில் அப்போதும் இருந்தது, மடித்த துணி வைக்கிற மேடையாக. நாங்கள் கோரைப்பாயில், தரையில். பகலில் தூளி, ராத்திரி அம்மாவுக்குப் பக்கத்தில் தனி விரிப்பு. அங்கிருந்து குழந்தை எங்கே விழும்? குடித்துவிட்டு வந்த அப்பன்களைத் திண்ணையோடு நிறுத்தும் வழக்கமும் எங்கள் தெருவில் இருந்தது. குடித்தவர் பக்கத்தில் குழந்தையைப் போடாதே என்று இன்றைய அறிக்கைகள் தனிப்பத்தி எழுதுகின்றன. எங்கள் ஆயாக்கள் அதைத் துடைப்பக்கட்டையால் அமல்படுத்தினார்கள். பிறகு மெத்தை வீட்டுக்குக் குடிபோனோம், எல்லாரும் கட்டிலில் ஏறினோம். ஏறியதால் உயரம் வந்தது, உயரத்தால் குழந்தை விழும் பயம் வந்தது, பயத்துக்கு மருந்தாகக் கட்டிலோரத் தொட்டில் வந்தது, அதனால் இடுக்கு வந்தது, இடுக்குக்கு வார் வந்தது.

பிள்ளைச்சாவடிக்காரனுக்கு இந்த வரிசை புதிதில்லை. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைத்தடுப்பு கட்டினார்கள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். தடுப்பில் மணல் தேங்கிவிட்டது, வடக்கே டவுன் கடற்கரை காணாமல் போனது. டவுனைக் காப்பாற்றக் கல்சுவர். கல்சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு. அங்கே கல். அதற்கும் வடக்கே அரிப்பு. அப்படியே குப்பம் குப்பமாக ஏறி எங்களிடம் வந்தது. என் தூளி தொங்கிய ஓட்டு வீட்டில் பாதியை 2004 சுனாமி எடுத்தது, மீதியைக் கடல் தவணை முறையில் எடுத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது கரையோர வீடுகள் இடிந்து விழுந்தன. எங்களுக்கும் கல் கொட்டு என்று ஊர்க்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். தலைமைச் செயலகம் எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டபின் டவுனுக்கு மட்டும் மணல் திரும்பியது, சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கிறார்கள். குழந்தையின் மெத்தை ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி கூடாது என்கிற அளவுக்கு முன்னேறிவிட்டோம். கடலுக்கும் வீட்டுக்கும் எத்தனை விரல் என்று கேட்கத்தான் ஆளில்லை.

குழந்தை பிறந்தது. பெண். சாலைக்கு மேற்கே இருக்கும் எங்கள் வீட்டு அறையில் ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டு, தொட்டில் பக்கத்தில் மகள் போனை வைத்தாள். அதிலிருந்து 'ஷ்ஷ்ஷ்' என்று ஒரு சத்தம்.

"என்னம்மா இது?"

"ஒயிட் நாய்ஸ்பா. பாப்பா தூங்க. ஓஷன் வேவ்ஸ்."

ஜன்னலைத் திறந்தால் இலவசமாகக் கேட்கும். திறந்தால் கொசு வரும் என்றாள், அதுவும் சரிதான். டெங்கு ஊரில் கொசுவலை இல்லாமல் எந்த விதியும் செல்லாது. சண்டே மார்க்கெட்டில் விற்கிற குடைவலையைத் தொட்டிலுக்கு மேலே கவிழ்க்கப் பார்த்தோம், உள்ளே தொங்கியது. தொங்குகிற எதுவும் உள்ளே கூடாதே. அறை முழுக்க ஜன்னல் வலை அடித்தோம். தமிழ்நாட்டுப் பக்கம் 2015இலிருந்து அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த அம்மா பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்குப் படுக்கை, கொசுவலை, பிள்ளை பெற்றவளுக்குச் சுண்டி லேகியம் வரை இருந்தது. பின்லாந்தில் 1938இலிருந்து இதைச் செய்கிறார்கள். அங்கே பெட்டகமே தொட்டில். அட்டைப்பெட்டியின் அடியில் மெத்தை போட்டு, அதிலேயே குழந்தையைப் படுக்கவைப்பார்கள். 14,000 ரூபாய் கட்டியவன் படிக்க வேண்டிய செய்தி அல்ல இது.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மின்சாரம் போய்விட்டது, ஏசி நின்றது, போனில் சார்ஜ் தீர்ந்து ஓஷன் வேவ்ஸும் நின்றது. வெளியே அசல் சரக்கு போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டது. என் மனைவி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். "அம்மா, அதுதான் எல்லாத்தையும்விட டேஞ்சர். நீ கண்ணசந்தா பாப்பா சோபா இடுக்குல போயிடும்" என்று மகள் வாங்கித் தொட்டிலில் மல்லாக்கப் போட்டாள். வேர்த்தது. நான் பனையோலை விசிறியை எடுத்தேன். அறையில் விசிறி ஓடினால் தூக்கத்தில் குழந்தை இறக்கும் அபாயம் 72 விழுக்காடு குறைவாகத் தெரிகிறது என்று 2008இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு வந்ததாம், மகள் இருட்டில் சொன்னாள். அவர்கள் மின்விசிறியைச் சொன்னார்கள். நானும் மாப்பிள்ளையும் விடியும்வரை முறைபோட்டு அந்த 72 விழுக்காட்டைக் கையால் சுற்றினோம்.

என் மனைவிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் போட்டு மாரியம்மன் கோயிலைச் சுற்றி வருவதாக. இரண்டு பேர் தோளில் கரும்புக் கட்டு, நடுவே மஞ்சள் சேலைத் தூளி. மகள் மறுக்கவில்லை. எத்தனை கரும்பு, எந்தப் பக்கம் கணு, சேலைக்குள் பாப்பாவின் முகவாய் எப்படி இருக்கும், யார் கையை அடியில் கொடுத்துக்கொண்டே நடப்பது என்று மட்டும் கேட்டாள். மாப்பிள்ளை கரும்புக் கட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். என் அப்பாவுக்கு ஒரு வாரிசு கிடைத்துவிட்டது.

ஆறாம் மாதம் பேத்தி முட்டிபோட்டு எழும்ப ஆரம்பித்தாள். முட்டிபோட்டுவிட்டால் இந்த மாதிரித் தொட்டிலை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடுவாள். மகளும் பேத்தியும் சென்னை போனார்கள். அங்கே தரையில் கெட்டியான மெத்தை, கட்டிலே இல்லை. குழுவில் நீண்ட விவாதத்துக்குப் பின் எடுத்த நவீன முடிவு. தொட்டில் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

போன வாரம் அக்கா வீடியோவில் வந்தாள். தொட்டிலைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்னாள், அவள் பேரனுக்கு டிசம்பரில் கல்யாணமாம். எங்கே வைத்திருக்கிறாய், காட்டு என்றாள். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். என் மனைவி மெத்தையைக் கழற்றிவிட்டு, அதற்குள் சென்னாக்குனி பரப்பிக் காயவைத்திருந்தாள். நான்கு பக்கமும் காற்றுப் புகும் வலை. கால் உயரமாக இருப்பதால் பூனை ஏறாது. மேலே சண்டே மார்க்கெட் குடைவலை, காக்கைக்கு. வெயில் நகர நகரச் சக்கரத்தின் பூட்டை எடுத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள்.

"அக்கா, சிக்னல் சரியில்ல" என்றேன்.

"சென்னாக்குனியாடா அது?" என்றாள் அக்கா. "வர்றவங்க யார்கிட்டயாவது அரைக்கிலோ குடுத்து அனுப்பு."